கட்டடமா, வீட்டுக்கு வரும் தாதியா? இறுதிக்கால நோயாளர் பராமரிப்புப் பற்றிய விவாதம்

விவாதப் பொருள்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குப் பொதுவாக இறுதிக்கால நோயாளர் இல்லம் ஒன்றை மக்கள் நிதியில் கட்டுவதா, அல்லது வீட்டிலுள்ள நோயாளருக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் அந்த நிதியைச் செலவிடுவதா?

வாவிக்கரை:
இல்லம் கட்ட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இனிக் குணப்படுத்த வழியில்லை என்று தெரிந்த புற்றுநோயாளியைப் பொது வார்ட்டில் நெடுநாள் வைத்திருக்க இடமிருப்பதில்லை. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். அந்த வீடு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றில் இருக்குமானால், நள்ளிரவில் வலி கூடும்போது வாகனம் தேடி, வாவியைக் கடந்து வைத்தியசாலைக்கு வந்துசேர்வதற்குள் நோயாளியும் குடும்பமும் படும் பாடு சொல்லி மாளாது. கொழும்புக்கு அருகே மகரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவண என்ற இறுதிக்கால நோயாளர் இல்லம் இருக்கிறது. ஆனால் 300 கிலோமீற்றருக்கு அப்பால், உறவுகளையும் தன் மொழியையும் பிரிந்து ஒருவர் தன் கடைசி நாட்களைக் கழிக்க வேண்டும் என்று நாம் எப்படிச் சொல்வது? ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967 இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸ் என்ற இறுதிக்கால நோயாளர் இல்லத்தைத் திறந்தபோது, உடல் நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, இறை நம்பிக்கையில் எழும் கலக்கம் ஆகிய நான்கையும் சேர்த்தே வலியாகக் கண்டு பராமரித்தார். அப்படிப் பார்க்கப் பழகியவர்கள் இரவும் பகலும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

காரைதீவு மகள்:
அண்ணா, அதே ஹொஸ்பிஸ் இரண்டே ஆண்டுகளில், 1969 இல், நோயாளரின் வீடுகளுக்குச் செல்லும் குழுவையும் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் பக்கத்து வழக்கத்தையும் மறக்கக் கூடாது. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. முதுமையில் தாய் தந்தையர் மகளின் வீட்டிலோ அதே வளவிலோதான் இருக்கிறார்கள். ஆகவே பராமரிப்பு முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழுவதை யாரும் ஒரு பிரச்சினையாகவே எண்ணுவதில்லை. என் தாயாரை நான்தான் பார்த்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும் என்று வார்ட்டில் சொல்லி அனுப்பினார்கள்; தனியாளாக எப்படிப் புரட்டுவது என்பதைக் காட்டித் தரவில்லை. பழைய சேலையை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி உடம்பின் கீழ் விரித்து, அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து மெல்ல இழுத்தால் தோல் உரசாமல் திருப்பலாம் என்பதை அயலில் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பின்னர் கற்றுத் தந்தார். அவர் வந்துபோன அந்தச் சிறிது நேரத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதலை எந்தக் கட்டடமும் தந்திருக்காது. அம்மா தன் வீட்டிலேயே, தன் வேப்பமரத்தைப் பார்த்தபடி இருக்கவே விரும்பினார். அந்த விருப்பத்தைக் காப்பாற்றியவளுக்கு ஓர் இரவு உறக்கம் கொடுக்க இந்தச் சமூகத்திடம் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

ஓய்வுபெற்ற தாதி, களுவாஞ்சிக்குடி:
இரு தரப்பாரும் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. வலியைத் தணிக்கும் படிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே வெளியிட்டது. கடும் புற்றுநோய் வலிக்கு வாயால் கொடுக்கும் மோர்பீன் அதன் உச்சப் படியில் இருக்கிறது. விரைவில் வேலை செய்யும் மோர்பீனை வலி வரும்வரை காத்திராமல் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். வீடுகளில் நான் கண்டது வேறு. "பழக்கமாகிப் போகும்", "மோர்பீன் தொடங்கினால் ஆள் முடிந்தது" என்று பயந்து பாதி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மீதியைச் சேலைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். வலிக்கு அளவாகக் கொடுக்கும் மோர்பீன் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, பொறுமையாக, மகளுக்கும் மருமகனுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டத்தில் நோயாளியால் விழுங்க முடியாமல் போகும்; அப்போது தோலுக்குக் கீழே ஊசி மூலம் மருந்து செலுத்த, பயிற்சி பெற்ற தாதி தேவை. அவர் வரும் ஏற்பாடு இல்லாத வீட்டில், "வீட்டிலேயே வைத்திருங்கள்" என்று அறிவுரை சொல்வது கொடுமை.

சம்மாந்துறை வாசி:
தங்கச்சி சொல்வது, மகள் வீட்டிலேயே இருக்கும் குடும்பத்துக்குப் பொருந்தும். எங்கள் ஊரிலும் வீடு மகளுக்குத்தான். ஆனால் மகள் வெளிநாட்டில் வேலை செய்து அனுப்பும் பணத்தில் ஓடும் குடும்பங்கள் எத்தனை! வாப்பா படுக்கையில் இருப்பார், உம்மாவும் நோயாளி, வீட்டில் இருப்பது பாடசாலைக்குப் போகும் பேத்தி. அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் பாட்டனாரைப் பார்ப்பதுதான் வீட்டுப் பராமரிப்பா? இப்படிப்பட்டவர்களுக்குச் சில கட்டில்களாவது தேவை. இல்லம் அமைந்தால் தொழுகைக்கும், மௌத்தானதும் ஜனாஸாவைத் தாமதமின்றிப் பொறுப்பேற்பதற்கும் வசதி இருக்க வேண்டும். தமிழர், முஸ்லிம் இரு தரப்பாரும் சேர்ந்து திட்டமிடாவிட்டால் அது ஒரு சாராரின் இல்லமாகிவிடும்.

வாவிக்கரை:
சகோதரர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். "பெற்றவளைக் கொண்டுபோய் எங்கோ விட்டாள்" என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் வாய் திறவாமல் உடைந்து போகிறார்கள். மதிப்பான இல்லம் ஒன்று ஊரில் இருந்தால் அந்தப் பேச்சும் மாறும். தாதியர் பயிற்சி பெறுவதற்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

காரைதீவு மகள்:
வாப்பாவின் நிலையிலுள்ளவர்களுக்குக் கட்டில் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காகப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை; ஆதார வைத்தியசாலைகளில் சில கட்டில்களை இதற்கென ஒதுக்குமாறு கேட்கலாம். பராமரிப்பவர் இளைப்பாறும்படி நோயாளியைச் சில நாட்கள் அங்கே வைத்திருக்கவும் அவை உதவும். கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கிய பணி, பின்னர் அயலவரையே தொண்டர்களாகப் பயிற்றி, 2008 இல் மாநில அரசின் கொள்கையாகி, ஊராட்சிகளின் பொறுப்பில் தாதியரை வீடுகளுக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. நம் நாட்டின் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கான தேசியச் சட்டகம் ஒன்றை இதற்கென வெளியிட்டது. குடும்ப நல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கு வருவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம்; உயிர் பிறக்கும் வீட்டுக்கு வரும் அரசு, உயிர் பிரியும் வீட்டுக்கும் வர வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் ஏன் கேட்கவில்லை? பன்னிரண்டு கட்டில்கள் போட்டால் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேரைத்தான் பார்க்கலாம். கட்டடத்துக்கான கடன் மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

வாவிக்கரை:
தங்கச்சி, தொண்டர்கள் பகலில் வருவார்கள். வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைப் படகும் ஓடாத நேரத்தில், இரவு இரண்டு மணிக்கு அக்கரையிலுள்ள மண்டூரிலிருந்து மூச்சுத்திணறும் ஒருவருக்காக அழைப்பு வந்தால் தொலைபேசியை எடுப்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை நான் இல்லத்தின் பக்கமே நிற்பேன்.

காரைதீவு மகள்:
நியாயமான கேள்வி. திரளும் நிதியின் முதற்செலவு, வாவியின் இரு கரைகளிலும் தங்கி முறை வைத்து இரவில் அழைப்பை எடுக்கும் தாதியரின் சம்பளமாக இருக்கட்டும்; காணி வாங்கும் பேச்சை அதற்குப் பிறகு எடுப்போம் என்பதே என் முன்மொழிவு. களுவாஞ்சிக்குடித் தாதி அம்மா, இந்த இரு மாவட்டங்களுக்கும் குறைந்தது எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று உங்கள் அனுபவத்திலிருந்து கணக்கிட்டுச் சொல்ல முடியுமா?