லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கின் பழைய நிலவரைபடங்களில் ஊதா நிறம் எதைக் குறிக்கிறது?

வினா – கூடல்நகர் மாணவி:
மதுரையில் புவியியல் முதுகலை பயிலும் நான், ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு நகரமாக வளர்ந்த விதத்தை அறிய, அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் 1:24,000 அளவுத் தாள்களை ஒப்பிட்டு வருகிறேன். சில தெருக்கள் மட்டும் ஊதா நிறத்தில் உள்ளன. ஒரே சாலை இரு தாள்களில் விலகியும் தெரிகிறது. காரணம் என்ன?

மறுமொழி – திருமங்கலம் சர்வேயர் (ஓய்வு):
அம்மா, ஊதா நிறம் வான்வழிப் படங்களைக் கொண்டு பின்னர் சேர்த்த திருத்தங்களைக் குறிக்கும். அவை களத்தில் சரிபார்க்கப்பட்டவை அல்ல. ஆகவே, தாளின் அடியில் அச்சிட்டுள்ள மூல ஆண்டையும் திருத்த ஆண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவுக்கு 1927, 1983 என இருவேறு அளவை ஆதாரங்கள் (இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் அடிப்படைகள்) உண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல் தாள்களை அடுக்கினால் சாலை பல பத்து மீட்டர் நகர்ந்தே தெரியும்.

மறுமொழி – மேலூர் ஆசிரியர்:
உயரக்கோடுகளையும் அப்படியே நம்ப வேண்டாம். நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால், அங்கே 1935க்குப் பின் சில இடங்களில் தரை 5 அடிக்கும் மேல் தாழ்ந்துவிட்டது; ஊருக்கு உயிர்கொடுத்த ஊற்றுகளே 1962இல் வற்றின. பழைய தாளில் நீல நிறத்தில் உள்ள ஊற்றுகளை முதலில் தேடுங்கள்.

மறுமொழி – திருமங்கலம் சர்வேயர் (ஓய்வு):
நல்ல யோசனை. இதே முறையில் நம் மதுரைக்கான இந்திய அளவைத் துறையின் 58 கே/1 எண் நிலவரைபடத் தாளையும் எடுத்து, கண்மாய்களின் எல்லைகளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.