பள்ளி வாத்தியார் ஜான் ஹியூமுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றம் எதற்கு உதவியது?

கயல்:
வட அயர்லாந்தின் 1998 அமைதி ஒப்பந்தம் பற்றிப் படிக்கும்போது ஜான் ஹியூம் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. டெர்ரி நகரத்துக்காரர், தான் படித்த செயின்ட் கொலம்ப்ஸ் பள்ளியிலேயே பிரெஞ்சும் வரலாறும் நடத்தியவர், 1998இல் எதிர்த்தரப்புத் தலைவர் டேவிட் டிரிம்பிளோடு நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். அதெல்லாம் சரி. ஆனால் 1979 முதல் 2004 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் இருந்திருக்கிறார், 1983 முதல் லண்டன் நாடாளுமன்றத்திலும் கூடவே. ஊரில் குண்டும் கொலையுமாக இருந்த காலத்தில், அந்த நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பர்க்கில் அவருக்கு என்ன வேலை? அந்தப் பதவியால் நிஜமாகவே ஏதாவது நடந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இளம்பரிதி:
அதற்கு முன்னால் 1960களைப் பாருங்கள். டெர்ரியில் கத்தோலிக்கர்கள்தான் பெரும்பான்மை, ஆனால் வார்டு எல்லைகளைத் தந்திரமாக வகுத்து நகரசபையை யூனியனிஸ்டுகள் (பிரிட்டனோடு இருக்க விரும்பியவர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள்) தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். வீடு ஒதுக்குவதும் அவர்கள் கையில், வீடு இல்லாதவனுக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டும் கிடையாது. ஹியூம் எடுத்த எடுப்பில் மேடை ஏறிவிடவில்லை. 1960இல் சிலரோடு சேர்ந்து கடன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார், ஏழைகள் தங்கள் காசைத் தாங்களே சேர்த்து, வட்டிக்காரனிடம் போகாமல் கடன் வாங்க ஒரு வழி. நோபலைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்லிவந்தார். டெர்ரிக்குப் பல்கலைக்கழகம் கேட்ட 1965 போராட்டம், கத்தோலிக்கர்களுக்குச் சம உரிமை கேட்ட 1968 குடிமை உரிமை இயக்கம் எல்லாம் அப்புறம். 1969இல் ஸ்டார்மாண்ட் (வட அயர்லாந்து நாடாளுமன்றம்) தேர்தலில், அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்ற தேசியவாதிகளின் தலைவர் எடி மெக்கடீரையே தோற்கடித்தார். அடுத்த வருடம் சிலரோடு சேர்ந்து எஸ்.டி.எல்.பி. (சமூக ஜனநாயக தொழிலாளர் கட்சி) தொடங்கினார்.

நர்மதா:
கயல், உங்கள் கேள்விக்கு அவருடைய நோபல் உரையிலேயே பதில் இருக்கிறது. 1979இல் முதன்முதலாக ஸ்ட்ராஸ்பர்க் போனபோது பாலத்தைக் கடந்து கேல் வரை நடந்திருக்கிறார். இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை ஜெர்மனி. முப்பது வருடத்துக்கு முன் இதே இடத்தில் நின்று, இந்த இரண்டு நாடும் இனிச் சண்டை போடாது என்று யாராவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள் என்று யோசித்ததாகச் சொல்கிறார். சமாதானம் பேசிப்பேசி மட்டும் வரவில்லை, இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார வேண்டிய அமைப்புகளைக் கட்டி, பொது வேலையில் இறக்கிவிட்டதால்தான் வந்தது என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடம். 1998 ஒப்பந்தத்தில் அது அப்படியே தெரியும். மந்திரி பதவிகளைக் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரித்துக்கொடுக்கும் அரசு, வட அயர்லாந்தும் தெற்கே அயர்லாந்துக் குடியரசும் சேர்ந்த மந்திரிகள் கவுன்சில்.

பணமும் வந்தது. 1994இல் ஆயுதக் குழுக்கள் போர்நிறுத்தம் அறிவித்துத் துப்பாக்கிகள் ஓய்ந்ததும், ஹியூமோடு, அவருடைய பரம எதிரியான யூனியனிஸ்ட் இயன் பெய்ஸ்லியும் இன்னொரு யூனியனிஸ்ட் உறுப்பினரும் சேர்ந்தே போய் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ழாக் தெலோரிடம் உதவி கேட்டார்கள், மறுவருடமே ஐரோப்பிய அமைதி நிதி ஓடத் தொடங்கியது. பெல்ஃபாஸ்டில் இந்த மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்திருக்க முடியுமா, சொல்லுங்கள்!

முத்துவேல்:
நர்மதா சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமைதியைக் கொண்டுவந்தது ஸ்ட்ராஸ்பர்க் இல்லை, ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவின் அரசியல் முகமான சின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸோடு 1988 முதல் ஹியூம் நடத்திய பேச்சு. அது வெளியே வந்ததும் டப்ளின் பத்திரிகைகளே அவரைக் கிழித்தன. 1993 அக்டோபரில் யூனியனிஸ்ட் ஆயுதக் குழு பொதுமக்களைச் சுட்டுக்கொன்ற கிரேஸ்டீல் படுகொலைக்குப் பிறகு, இறந்தவர் ஒருவரின் மகள் அவரிடம் வந்து, அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று உங்களுக்காகத்தான் ஜெபம் செய்தோம், பேச்சை விட்டுவிடாதீர்கள் என்றாள். அந்த இடத்திலேயே உடைந்து அழுதார். அந்தச் சமயத்தில் அவர் பின்வாங்கியிருந்தால் 1994 போர்நிறுத்தம் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

விலையும் கொடுத்தார். ஆடம்ஸின் சின் ஃபெய்ன் கட்சிக்கு மரியாதை தேடிக்கொடுத்த கையோடு, அதே கட்சியிடம் எஸ்.டி.எல்.பி. வரிசையாகத் தோற்றது. 2004இல் ஹியூம் விட்டுப்போன ஐரோப்பிய இடமும் அவர்களுக்கே போனது. அவர் கட்சிக்காரர்கள் சிலருக்கு இந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை, அதைத் தப்பென்றும் சொல்ல மாட்டேன்.

நர்மதா:
முத்துவேல், ஆடம்ஸிடம் அவர் என்ன பேசினார் என்று பாருங்கள். எல்லை மண்ணில் இல்லை, மக்கள் மனதில் இருக்கிறது, ஒரு மில்லியன் யூனியனிஸ்டுகளைக் குண்டு வைத்துச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதுதான் அவர் வாதம். பிரான்ஸும் ஜெர்மனியும் எப்படிச் சேர்ந்தன என்று பார்த்தவர் பேசிய பேச்சு அது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு முடியவில்லை.

கயல்:
நன்றி. நோபல் உரையை இன்று இரவே படிக்கிறேன். 2001க்கான காந்தி அமைதிப் பரிசை இந்தியாவும் அவருக்குக் கொடுத்திருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன். அந்த விழாவில் அவர் பேசியது எங்காவது கிடைத்தால் இங்கே போடுங்கள்.