குட்டிக் கூட்டத்துக்கு எந்தப் பெட்டி? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கப்படும் கதைதான்.

முதல்முறை ஒரு தேனீக் கூட்டத்திலிருந்து குட்டிக் கூட்டம் பிரித்து எடுத்துப்போனபோது என்னிடம் இருந்தது 5 சட்டம் (தேனீக்கள் மெழுகு அடை கட்டும் மரச் சட்டம்) பிடிக்கிற ஒட்டுப்பலகைப் பெட்டி. உறுதியான பெட்டி, மூலைகளில் ஒளிகூடப் புகாது. அதில்தான் எனக்குப் பெருமை. 4 சட்டம் நிறையத் தேனீ, ஒன்றில் தேன். சாயங்காலம் எல்லாம் உள்ளே வந்ததும் வாசலில் துணியைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் ஒட்டுநாடாவும் போட்டேன். ஒரு தேனீகூட வெளியே வரக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. இரண்டு மணி நேரப் பயணம், வழியில் வண்டி நின்று நின்று நாலு மணி நேரமானது. முதல் ஒரு மணி நேரம் பெட்டிக்குள் பெரிய இரைச்சல். அப்புறம் சத்தம் அடங்கியது. அடங்கிவிட்டன, நல்லது என்று நினைத்தேன்.

திறந்தபோது அடிப்பலகையில் ஒரு குவியல். எல்லாம் நனைந்து, கறுத்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன. இரண்டு அடைகள் சட்டத்திலிருந்து வழுகிக் கீழே உட்கார்ந்திருந்தன.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. புழு வளரும் அடைப் பகுதியைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்கும். சூடு ஏறினால் சிறகடித்துக் காற்றை வெளியே தள்ளும். தள்ள வழியில்லாவிட்டால் சிறகடிப்பதே மேலும் சூட்டைக் கிளப்பும். பதறி வயிற்றில் இருக்கும் தேனைக் கக்கும், ஒன்றையொன்று நனைக்கும், வாசலைத் தேடி ஒரே இடத்தில் குவிந்து கடைசிக் காற்றையும் அடைக்கும். மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் இளகிப் பலம் இழக்க அவ்வளவு தேவையில்லை, 40-ஐத் தாண்டினாலே தேன் நிறைந்த அடை தன் கனத்தைத் தாங்காது.

அதிலிருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: வாசலை மூடிய பிறகு காற்று எங்கே போகும்? மரமா அட்டையா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. இப்போது என் பெட்டிகளில் மூடிக்குப் பதிலாகக் கம்பிவலைச் சட்டம் ஒன்று ஆணியடித்து வைத்திருக்கிறேன். வாசலிலும் துணி கிடையாது, வலைதான்.

உங்கள் பெட்டி எது, என்ன பாடுபட்டீர்கள், சொல்லுங்கள்.

* * *

அண்ணா, படித்ததும் வயிற்றைக் கலக்கியது. என் கதை சிரிக்கிற ரகம்.

நான் வாங்கிய கூட்டம் மெழுகு பூசிய அட்டைப் பெட்டியில் வந்தது. 5 சட்டம். பக்கங்களில் குத்திவிட்ட காற்றுத் துளைகள், மடித்துத் திறக்கும் வாசல். பயணத்துக்கு அது அருமையான பெட்டி என்றே சொல்வேன். ஒரு கையில் தூக்கிவிடலாம். வந்த அன்றே மரப் பெட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். என் மரப் பெட்டிக்கு அடிப்பலகை தயாராகவில்லை. சரி, ஒரு வாரம்தானே என்று விட்டேன்.

அந்த ஒரு வாரம் ஐந்து வாரமானது. முதலில் வாசலுக்கு முன்னால் பஞ்சு பஞ்சாக அட்டைத் துகள். கடித்துக் கடித்து வாசலை அவற்றுக்குப் பிடித்த அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டன. அப்புறம் இரண்டு நாள் மழை. பெட்டியின் மேலே தகரம் வைத்திருந்தேன், ஆனால் தரையிலிருந்து ஈரம் ஏறியது. மாற்றலாம் என்று ஒரு நாள் காலையில் இரண்டு கையாலும் தூக்கினேன். பெட்டி வந்தது, அடி வரவில்லை. சட்டங்கள் காதில் (மேல்கட்டையின் இரு நுனியில்) தொங்கியதால் தப்பித்தன. அடியில் நடந்துகொண்டிருந்த அத்தனை தேனீயும் என் முழங்காலுக்கு வந்தன.

இருந்தாலும் அட்டையை நான் கைவிடவில்லை. அடுத்தவருக்குக் கூட்டம் கொடுக்கும்போது இதைவிட நல்லது இல்லை. பெட்டி திரும்பி வர வேண்டாம், வேலை முடிந்ததும் எரித்துவிடலாம். ஊர் சுற்றிவந்த பழைய மரப் பெட்டியில் என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்று யார் கண்டது? அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பயணத்துக்கு அட்டை சரி, குடியிருப்புக்கு அது சரிப்படாது.

* * *

தெர்மாகோல் பெட்டி வைத்திருப்பவர் யாரும் இன்னும் பேசவில்லை, நான் ஆரம்பிக்கிறேன்.

குளிர் காலத்தில் 3 சட்டக் கூட்டங்களில் பாதியை மரத்திலும் பாதியைத் தெர்மாகோலிலும் வைத்துப் பார்த்தேன். சின்னக் கூட்டத்துக்குச் சூட்டைக் காப்பதே பெரிய வேலை. உடம்பு கொஞ்சம், சுவர் அதிகம் இல்லையா. தெர்மாகோலில் இருந்தவை ஓர அடைவரைக்கும் முட்டை வைத்தன. மரத்தில் இருந்தவை நடுவிலேயே ஒடுங்கிக் கிடந்தன. வெயில் காலத்திலும் அது உதவும், வெளிச்சூடு சட்டென்று உள்ளே இறங்காது.

இனி குறைகள். எறும்பு சுவருக்குள்ளேயே குடியேறிவிடும். மெழுகுப் பூச்சியின் புழு கூடுகட்ட அதில் பள்ளம் தோண்டும். மரப் பெட்டியை ஊதுவிளக்கால் உள்ளே ஒரு சுற்று வாட்டினால் சுத்தமாகிவிடும், இதில் நெருப்பைக் காட்ட முடியாது, சலவைச் சோடாக் கரைசலில் தேய்த்துக் கழுவ வேண்டியதுதான். காற்றடித்தால் பறக்கும் என்பதால் மேலே கல் கட்டாயம். வெயில் பட்டால் பொடிந்துபோகும் என்று வண்ணம் பூசச் சொன்னார்கள். நான் கதவுக்கு அடித்த எனாமல் பெயின்ட் மிச்சம் இருந்ததே என்று எடுத்துப் பூசினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெட்டி முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அதில் இருந்த கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிட்டது. தண்ணீரில் கலக்கும் பெயின்ட் மட்டும்தான் பூச வேண்டும், யாரும் என்னைப்போல் செய்யாதீர்கள்.

* * *

மடக்கி வைக்கும் நெளி பிளாஸ்டிக் பெட்டி என்னிடம் பத்து இருக்கின்றன. இடத்தை அடைக்காது, கழுவலாம், மழைக்கு அசையாது. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். சுவர் தொய்ந்து வளையும், காலையில் உள்ளே வியர்த்து நீர் சொட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. பெட்டி எதுவாக இருந்தாலும் சட்டம் உள்ளே ஆடுகிறதா என்று பாருங்கள். அந்தப் பெட்டியில் 5 சட்டம் வைத்த பிறகும் பக்கத்தில் ஒரு விரல் இடம் இருந்தது. 4 சட்டம் மட்டும் வைத்துக் கொண்டுபோனேன், இடம் இன்னும் தாராளம். ஒவ்வொரு திடீர் பிரேக்குக்கும் சட்டங்கள் ஊஞ்சலாடி ஒன்றன்மேல் ஒன்று மோதியிருக்கின்றன. போய்த் திறந்தால் நசுங்கிய தேனீக்கள் நடுவே ராணியும். மூன்றாவது நாள் அவசர அவசரமாக ராணி அறை கட்ட ஆரம்பித்துவிட்டன.

இப்போதெல்லாம் காலி சட்டம் ஒன்றைச் சேர்த்து 5 ஆக்குவேன், மிச்ச இடைவெளியில் பஞ்சுத் துண்டு செருகுவேன். பெட்டியை வைக்கும்போது சட்டங்கள் வண்டி போகும் திசையிலேயே நீளமாக இருக்கும்படி வைப்பேன். பிரேக் போட்டால் சட்டம் தன் நீளத்தில்தான் தள்ளப்படும், பக்கத்துச் சட்டத்தின்மேல் விழாது. புது வெள்ளை அடை, கம்பி இழுக்காதது, தேன் நிறைந்தது: இந்த மூன்றும் சேர்ந்த சட்டத்தைப் பயணத்துக்கு எடுக்கவே மாட்டேன். பல தலைமுறை புழு வளர்ந்து கறுத்த அடைதான் ஆட்டத்தைத் தாங்கும்.

* * *

இந்தியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே பேசிய பெட்டிகள் பெரும்பாலும் இத்தாலியத் தேனீயின் சட்ட அளவுக்கானவை. நம் சட்டம் சின்னது, காது தாங்கியில் உட்காராது. ஒரு தடவை அதை மதிக்காமல் குறுக்கே குச்சி வைத்துத் தொங்கவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அடியில் கிடந்தன. அதற்கு நம் அளவில் 4 சட்டப் பெட்டி நாமே அடித்துக்கொள்வது நல்லது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தேனீ நடக்கிற இடம் இருந்தால் போதும். அதிகம் விட்டால் அங்கேயும் அடை கட்டும்.

இன்னொன்று, இவை கோபித்துக்கொண்டு போகும் ஜாதி. இறக்கி வைத்த உடனே வாசலைத் திறந்தேன். மறுநாள் மதியம் பெட்டி காலி, ஒன்றும் மிச்சமில்லை. இப்போது பெட்டியை நிழலில் வைத்து, ஆட்டம் அடங்க அரை மணி நேரம் விட்டு, இருட்டியபின் திறக்கிறேன். வாசலில் ராணித் தடுப்பு (வேலைக்காரத் தேனீ நுழையும், ராணி நுழைய முடியாத இடைவெளி கொண்டது) மூன்று நாலு நாள் இருக்கும். இத்தாலியத் தேனீக்கு விற்கும் தடுப்பை வாங்காதீர்கள், அதன் இடைவெளியில் நம் ராணி நுழைந்து போய்விடலாம். இணைசேராத கன்னி ராணி உள்ளே இருந்தால் தடுப்பே வைக்கக்கூடாது. அது வெளியே பறந்தே ஆக வேண்டும். தடுப்பை மறந்து விட்டுவிட்டால் ஆண் தேனீக்களும் அதில் சிக்கிச் செத்து வாசலை அடைக்கும்.

* * *

எனக்கு ஒரு சந்தேகம். தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்ற வேண்டும், 200 மீட்டர்கூட இருக்காது. அதற்கும் இந்தப் பெட்டி எல்லாம் வேண்டுமா?

* * *

தம்பி, பெட்டியைவிடத் தூரம்தான் உங்களுக்குப் பிரச்சினை. நான் அதைச் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன். மறுநாள் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பின. அங்கே ஒன்றும் இல்லை, சாயங்காலம் ஒரு கிளையில் கொத்தாக உட்கார்ந்திருந்தன. புதுப் பெட்டியில் இளம் தேனீக்கள் மட்டும் மிச்சம். ஒரு நாளைக்கு ஓரிரு அடி நகர்த்துங்கள், அல்லது ஒரேயடியாக 5 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் மூன்று வாரம் வைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த மூன்று வாரத்துக்குத்தான் பெட்டியைப் பார்த்து எடுக்க வேண்டும்.

* * *

கதையைத் தொடங்கியவன் மறுபடியும் வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

படித்துவிட்டு என் பழைய ஒட்டுப்பலகைப் பெட்டியை இறக்கினேன். அதில் என் அடுத்த தப்பும் இருந்திருக்கிறது: வாங்கும்போது பயணத்தை மட்டும் நினைத்தேன், அப்புறம் அதில் எத்தனை நாள் இருக்கப்போகிறது என்று நினைக்கவேயில்லை. இரண்டாவது கூட்டம் அதே பெட்டியில் மூன்று மாதம் இருந்தது. 5 சட்டமும் நிறைந்து, இடமில்லாமல் ஒரு காலையில் பாதிக் கூட்டம் பழைய ராணியோடு பிரிந்து பறந்தது. அதனால் இப்போது அதே அளவில் மேலடுக்கு ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். சின்னக் கூட்டம் என்றால் தடுப்புப் பலகை போட்டு 3 சட்டத்தில் ஒடுக்குவேன், பெருகினால் பலகையை எடுப்பேன், அதற்கும் மேலே போனால் அடுக்கு.

வாசலை மட்டும் ஒரு தேனீ, இரண்டு தேனீ நுழைகிற அளவுக்குக் குறுக்கிவிட்டேன். பக்கத்தில் பெரிய பெட்டி இருந்தால் சர்க்கரைப் பாகு வைத்த அன்றே அதன் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும், குட்டிக் கூட்டத்தால் அகல வாசலைக் காக்க முடியாது.

வலையின் கண் எவ்வளவு என்று தனியே ஒருவர் கேட்டிருந்தார். 3 மில்லிமீட்டர். அதில் தேனீ நுழையாது, காற்று தாராளமாக வரும். வலைக்கு மேலே ஒரு துணியை இடைவெளி விட்டுக் கட்டுங்கள், வெளிச்சம் பட்டால் எல்லாம் மேலே ஏறி வலையை மூடிவிடும். நாளை ராத்திரி 4 சட்டம் எடுத்துப் போகிறேன். ஒரு பாட்டில் தண்ணீர் பக்கத்தில் இருக்கும், வண்டி நின்றால் வலைமேல் தெளிக்க.