நீர்கொழும்பிலிருந்து கொச்சிக்கடைக்குத் தண்ணீர் வழியா

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:

போன சனி காலை ஆறரைக்கு நீர்கொழும்புக் களப்பில் படகேறினோம். நான், தங்கச்சி, பெரியம்மா. யோசனை பெரியம்மாவுடையது. பஸ்ஸில் போய்க் கும்பிட்டது போதுமாம், ஒருநாளாவது கோயில் கோயிலாக இறங்கித் தண்ணீர் வழியாகவே கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வந்து சேர வேணுமாம். (நீர்கொழும்புக்கு அடுத்த கொச்சிக்கடை இல்லை, நம்ம கொழும்பு 13.)

படகுக்காரருக்கு எழுபது இருக்கும். "நான் அஞ்சரைக்கே வந்த. நீங்க சுணங்கி வந்த" என்றார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் வந்த, நீங்க வந்த, அவன் வந்த: நீர்கொழும்புக் கடல்காரர் தமிழில் எல்லாருக்கும் ஒரே 'வந்த'தான், பேச்சுச் சிங்களத்தில் போல. பெரியம்மா பூரித்துப் போனா. அவவின் அம்மம்மாவும் அப்படித்தான் கதைப்பாவாம்.

கோட்டை வாசலில் 1678 என்று செதுக்கியிருக்கு, உள்ளே இப்ப சிறைச்சாலை. மரியாள் கோயில் 1874இல் தொடங்கி 1922இல்தான் முடிந்தது. கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோவு. துவ என்ற மீனவக் கிராமத்தில் இறங்கினோம், ஆனால் அங்கே பாஸ்கு (இயேசுவின் பாடுகள் நாடகம்) நடக்கிற காலத்தில் போனால்தான் களை.

களப்பு முடிய ஹமில்டன் கால்வாய். ஊரில் ஒல்லாந்தர் வாய்க்கால் என்பார்கள். உண்மையில் 1804இல் வெட்டி முடித்தது இங்கிலீசுக்காரன், முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் ஏறிய உப்புத்தண்ணியை வடிக்க. கரையில் சுரூபக் கூடு தெரிந்த இடமெல்லாம் படகுக்கார அங்கிள் தொப்பியைக் கழற்றி "அருள் நிறைந்த மரியே" என்று முணுமுணுத்தார். இடையில் போன் வந்தால் சிங்களம். கேட்டேன். "பேரப்பிள்ளைகள் சிங்களம், மகள். செபம் மட்டும் அம்மா சொல்லித் தந்த மாதிரித்தான் வரும்."

ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து வேஷம் மாறி வந்த யோசப் வாஸ் அடிகளைப் பற்றி, ஏதோ சொந்தச் சித்தப்பா போலக் கதைத்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் அவரைப் புனிதராக்கினபோது, முதல்நாள் இரவே காலிமுகத்திடலுக்குப் போய் நிலத்தில் படுத்தவராம்.

உஸ்வெட்டகெய்யாவ தாண்டியதும் எஞ்சின் நின்றது. விசிறியில் கிழிஞ்ச நைலோன் வலை. மீன் வெட்டுகிற கத்தியால் இழை இழையாக அறுத்தார், ஒரு மணித்தியாலம். கரையில் ஒரு கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பெரியம்மா செபமாலையை ஒரு சுற்று முடித்துவிட்டா. வலை வந்தது, எஞ்சின் வரவில்லை. மிச்சத் தூரம் த்ரீவீலில்தான்.

இறங்கும்போது அங்கிள் நூறு ரூபாய்த் தாளொன்றை நீட்டினார். "அந்தோனியாருக்கு என்ட பேரில ஒரு திரி." படகுக் கூலியில் பாதியைத் திருப்பித் தரவும் பார்த்தார், பெரியம்மா விடவில்லை.

2019 ஏப்ரல் 21, அங்கே குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பெரியம்மா அந்தக் கோயிலில் வாசலோரத்து வாங்கில்தான் இருப்பா. அன்றைக்குத்தான் முதல்முறை முன்னுக்குப் போனா, திரி கொளுத்த.

முகத்துவாரத்தான்:

அந்தக் கடற்கரையே அந்தோனியார் கோயில் கதைதானே. ஒளிந்திருந்த அந்தோனியோ சாமியாரிடம் எங்கட ஊர் மீனவர் போய், கடல் நிலத்தைத் தின்னுது என்று அழுதார்களாம். சிலுவை நட்டுச் செபித்தார், மூன்றாம் நாள் மணல் திட்டு எழும்பியதாம். என் அப்பா இதைச் சொல்லாத செவ்வாய்க்கிழமை இல்லை.

அவ்வளவு தூரம் வந்த நீங்கள் வுல்பெண்டால் தேவாலயத்தையும் பார்த்திருக்கலாம், நடை தூரம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்தது. அங்கே திரிந்த நரிகளை ஓநாய் என்று நினைத்து வைத்த பெயர். நான் போன நாள் தரையெல்லாம் கல்லறைக் கல், கால் வைக்கத் தயங்கினேன். காவல்காரர் சிரித்தார்: "மிதிச்சுத்தான் போக வேணும் தம்பி, வேற வழி இல்ல."

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:

பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வரமாட்டாவாம். "எங்கட சாமிமாரை ஒளிச்சோட வைச்சவங்கட கோயிலுக்கு நான் ஏன்?" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிதிக்கலாம் எண்டா வாறன்" என்கிறா.