துருப்பிடித்து இறுகிப்போன டிரெய்லர் ஹிட்ச்: கழற்றியவர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர்:

டிரெய்லரை மாட்டி இழுக்க என் வண்டியின் பின்னால் இருக்கும் டிரெய்லர் ஹிட்ச்சை இரண்டு குளிர்காலங்களாக நான் கழற்றவே இல்லை. பனியைக் கரைக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் முழுவதும் வண்டியின் அடிப்பக்கத்தில்தான் தெறிக்கும். போன வாரம் மிதிவண்டிகளை ஏற்றும் சட்டத்தைப் பொருத்தலாம் என்று ஹிட்ச்சைக் கழற்றப் போனேன். அதன் முனையில் இருக்கும் இரும்பு உருண்டையை, அதாவது குண்டைப் பிடித்து ஆட்டினால் வண்டிதான் ஆடுகிறது. ஹிட்ச்சின் தண்டும் அது நுழையும் ரிசீவர் குழாயும் ஒரே இரும்பாக வார்த்ததுபோல் இருக்கின்றன.

முதல் சண்டை, தண்டைக் குழாயோடு பூட்டக் குறுக்கே போகும் பின் என்ற இரும்பு முளையோடு. 16 மி.மீ. தடிமன், ஒரு முனை வளைந்தது, மறுமுனையில் கிளிப். தொட்டதும் கிளிப் ஒடிந்து கையோடு வந்துவிட்டது, பின் சுழலக்கூட மறுத்தது. வளைந்த முனையை கிரைண்டரால் வெட்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் பஞ்ச் (முளையைத் தள்ளும் இரும்புக் கம்பி) வைத்துச் சம்மட்டியால் அடித்ததில் எட்டாவது அடிக்கு நகர்ந்தது. பஞ்ச் பின்னைவிடச் சற்று ஒல்லியாக இருப்பது முக்கியம். பின்னின் முகத்திலேயே நேராகச் சம்மட்டியைப் போட்டால் அது காளான்போல் விரிந்து துளைக்குள் இன்னும் இறுகிவிடும்.

பின் வந்துவிட்டது, தண்டு வரவில்லை. மூன்று நாட்களாக எண்ணெய் அடிக்கிறேன், பின்னோக்கி அடிக்கிறேன், கயிறு கட்டி இழுக்கிறேன். ஒரு மி.மீ. கூட அசைவில்லை. ரிசீவரையே அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குழாயில் குறை ஒன்றும் தெரியாதபோது அதை அறுக்க மனம் ஒப்பவில்லை. இதைக் கழற்றி முடித்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

படகு டிரெய்லர் வைத்திருப்பவர்:

அண்ணா, நானும் அப்பாவும் கடலில் படகு இறக்குகிறவர்கள். வண்டியின் பின்பகுதி வாரம் இரண்டு முறை உப்புத் தண்ணீருக்குள் போய் வரும். இந்தத் துரு எங்களுக்கு வீட்டு விருந்தாளி மாதிரி.

இழுப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். இரும்பு துருவாக மாறும்போது தான் இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தண்டுக்கும் குழாய்க்கும் இடையே இருந்ததே மெல்லிய இடைவெளிதான். அதற்குள் துரு வளர்ந்து நான்கு பக்கமும் ஆப்பு அடித்ததுபோல் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு பலமாக இழுத்தாலும் அந்த ஆப்பு நொறுங்காது. அதிர்வுக்குத்தான் நொறுங்கும். ஆகவே தண்டை இடமும் வலமும் மேலும் கீழும் அடியுங்கள். ரிசீவர் குழாயின் நான்கு முகங்களையும் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பலத்த அடி பத்தைவிட நடுத்தர அடி இருநூறு மேல். குழாயின் விளிம்பிலிருந்து செந்தூள் கொட்டத் தொடங்கினால் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது எண்ணெய். எந்த எண்ணெய் என்று நீங்கள் எழுதவில்லை. பலரும் கையில் எடுப்பது டபிள்யூடி-40. 1953இல் நீரை விலக்குவதற்காக 40ஆவது முயற்சியில் அமைந்த கலவை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. ஈரத்தை விரட்ட அது நல்லது. இறுகிய துருவுக்கு, ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள். எதை வாங்கினாலும் வாய்ப்பக்கம் மட்டும் அடித்தால் முதல் இரண்டு விரற்கடைதான் நனையும். பின் போன துளைகள் இப்போது திறந்திருக்கின்றன அல்லவா? குழாயின் நடுப்பகுதிக்கு அவைதான் வாசல். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்; பல ரிசீவர்களில் குழாயின் முன் முனையும் திறந்தே இருக்கும். அங்கிருந்தும் விடுங்கள். காலையும் மாலையும், அடித்தபின் தட்டி, தட்டியபின் மறுபடி அடித்து.

முன் முனை திறந்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தண்டைத் தள்ளலாம். ஸ்டெப்னி சக்கரம் வழியில் நின்றால் இறக்கி வையுங்கள். 25 மி.மீ. கம்பி, ஒரு மீட்டர் நீளத்தில் போதும். ஆனால் பல தண்டுகள் உள்ளே வெறும் குழாய்தான். கம்பியை நேராக விட்டால் அது பொந்துக்குள் நுழைந்து வெறும் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். நாங்கள் ஒரு முழுநாளை அப்படி வீணாக்கினோம். தண்டின் விளிம்பில் உட்காரும்படி 45 மி.மீ. சதுர இரும்புக் கட்டை ஒன்றை முதலில் உள்ளே வைத்து, அதன்மேல் கம்பியை வைத்து அடித்தோம். இரண்டாவது நாள் மாலையில் வந்தது. அப்பா அந்தக் கட்டையை இன்னும் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறார்.

கேம்பர் இழுப்பவர்:

ஒரு சின்ன விஷயம். ஹிட்ச் கடகடவென்று ஆடாமல் இருக்க, ரிசீவரையும் தண்டையும் சேர்த்து நெருக்கும் யு-போல்ட் கவ்வி ஏதாவது போட்டிருக்கிறீர்களா? நான் இரண்டு நாள் சம்மட்டி அடித்தபிறகு, சேறு மூடிக் கிடந்த அந்தக் கவ்வியைக் கம்பித் தூரிகை போட்டபோதுதான் கண்டேன். முன்பு வண்டி வைத்திருந்தவர் மாட்டியது. நட்டுகள் இரண்டையும் அறுத்ததும் அரை மணி நேரத்தில் தண்டு கையோடு வந்தது. அடிப்பதற்குமுன் கழுவித் துடைத்து எல்லாப் பக்கமும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பண்ணை வேலைக்காரர்:

கயிறு கட்டி இழுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கையால் இழுத்திருந்தால் சரி. அடுத்த யோசனையாக யாராவது, "இன்னொரு வண்டியில் சங்கிலி கட்டி ஒரு வெட்டு வெட்டி இழு" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நான் செய்திருக்கிறேன். டிராக்டரை ஓட்டியது என் தம்பி. சங்கிலி தொய்வாக இருந்தது; அவன் வேகம் எடுத்து இழுத்தான். தண்டு வரவில்லை. குண்டின் கழுத்து முறிந்து, சங்கிலியோடு பறந்து, டிராக்டரின் பின் மட்கார்டில் விழுந்தது. தகட்டில் கை நுழையும் அளவுக்குக் கிழிசல். அவன் தலை அதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. டிரெய்லர் குண்டு சீரான பாரத்தை இழுப்பதற்குச் செய்யப்பட்டது, வெட்டி இழுப்பதற்கு அல்ல. தண்டு திடீரென்று விடுபட்டிருந்தாலும் இதே கதிதான். பத்துக் கிலோ இரும்பு நேராக ஓட்டுநரை நோக்கி வந்திருக்கும். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஓய்வு பெற்ற வெல்டர்:

தம்பி, படகு டிரெய்லர் வைத்திருக்கும் அந்தப் பெண் சொன்னதைச் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சூடு.

சூட்டைக் குழாய்க்கு மட்டும் காட்ட வேண்டும், தண்டுக்கு அல்ல. குழாய் விரிய வேண்டும், தண்டு குளிர்ந்தே இருக்க வேண்டும். 50 மி.மீ. அகலமுள்ள எஃகு 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.12 மி.மீ. விரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். துருவின் பிடி உடைய அது போதும். செந்தணலாகக் காய்ச்ச வேண்டியதில்லை. அப்படிக் காய்ச்சினால் குழாயின் வலிமையும் பற்றவைத்த இடங்களும் கெடும். கையடக்கமான கேஸ் டார்ச்சே போதும். நான்கு முகத்திலும் சமமாகக் காட்டி, சூடு இருக்கும்போதே தட்டுங்கள். பிறகு ஆறவிடுங்கள். மறுபடி சூடு, மறுபடி தட்டு. விரிவதும் சுருங்குவதும் மாறி மாறி நடக்கும்போது துரு தானே உதிரும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் மூன்று நாட்களாக விட்ட எண்ணெய் எரியக்கூடியது. அதை முழுவதும் துடைத்து எடுக்காமல் நெருப்பை அருகில் கொண்டுபோகாதீர்கள். துடைக்கிறேன் என்று பிரேக் கிளீனர் அடித்துவிட வேண்டாம். குளோரின் கலந்த வகை நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். சோப்புத் தண்ணீர் போதும். டிரெய்லர் விளக்குக்கான வயரிங்கைக் கழற்றி ஒதுக்குங்கள். பம்பரின் பிளாஸ்டிக்கை ஈரச் சாக்கால் மூடுங்கள். எரிபொருள் தொட்டியும் அதன் குழாய்களும் எங்கே போகின்றன என்று பாருங்கள். ரிசீவருக்கு அருகில் இருந்தால் நெருப்பை மறந்துவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். துத்தநாகப் பூச்சு பூசிய ஹிட்ச் என்றாலும் சூடு வேண்டாம். அந்தப் புகையை இழுத்தால் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். நான் பட்டிருக்கிறேன். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கூட ஓர் ஆளும் நிற்கட்டும்.

இன்னொருவர்:

ரிசீவரையே கழற்றும் யோசனை வந்தால் என் அனுபவத்தையும் கேளுங்கள். சேசிஸில் அதைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டில் நான்கு ஒழுங்காக வந்தன. ஐந்தாவதைத் திருகியபோது, சேசிஸ் பெட்டிக்குள் பற்றவைத்திருந்த நட்டு பெயர்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. உள்ளே கை போகாது, ஸ்பேனரும் போகாது. கடைசியில் போல்ட்டின் தலையை அறுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வண்டியில் பாடம் கற்றுக்கொண்டேன். முதலில் ஒரு நூலளவு இறுக்கினேன். "டக்" என்று பிடி விட்டபிறகு தளர்த்தினேன், கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஆறு முக சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு முக சாக்கெட் துருவேறிய தலையின் மூலைகளை மழுக்கிவிடும்.

தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வந்துவிட்டது.

கவ்வி எதுவும் இல்லை, கழுவிப் பார்த்தேன். படுத்துப் பார்த்தால் குழாயின் முன் முனை திறந்துதான் இருந்தது, ஆனால் இரண்டு குளிர்காலத்துச் சேறு இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குடைந்து எடுத்தேன். தண்டு உள்ளே பொந்துதான். தங்கை சொல்லியிராவிட்டால் நானும் கம்பியைப் பொந்துக்குள் விட்டுத்தான் குத்தியிருப்பேன். மூன்று நாள் காலையும் மாலையும் துளைகளின் வழியே எண்ணெய், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத் தட்டல். இரண்டாவது நாளிலேயே செந்தூள் கொட்டத் தொடங்கிவிட்டது.

சூடு காட்டவில்லை, ஐயா. எரிபொருள் தொட்டி ரிசீவரிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு டார்ச்சை எடுக்கத் துணிவு வரவில்லை.

மூன்றாம் நாள் சதுரக் கட்டை வைத்து அடித்தேன். முதலில் ஓசை மாறியது. அதுவரை மொத்தையாக "தொம்" என்று கேட்ட அடி "டிங்" என்று கேட்டது. வாய்ப்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தேன். எழுந்துபோய்ப் பார்த்தால் கோடு ஆறு மி.மீ. வெளியே வந்திருந்தது. அங்கேயே நின்று எண்ணெய் விட்டு, இடவலமாகத் தட்டி, கொஞ்சம் உள்ளே தள்ளி மறுபடி வெளியே அடித்தேன். விடாமல் வெளியே மட்டும் அடித்திருந்தால் உதிர்ந்த துரு முன்னால் சேர்ந்து மறுபடி நெருக்கியிருக்கும் என்று தோன்றுகிறது. நாற்பது நிமிடத்தில் தண்டு தரையில் விழுந்தது. கீழே பலகை போட்டிருந்தேன், காலைத் தள்ளியே வைத்திருந்தேன்.

குழாயின் உள்ளே விரல் நீளத்துக்குத் துருச் செதில்கள். கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பற்றவைத்த மூலைகளில் விரிசல் இல்லை. ரிசீவரில் அந்தப் பின் நுழையும் துளைகள் வட்டமாகவே இருக்கின்றன. ஆனால் தண்டில் இருந்த துளை இழுத்து இழுத்து நீள்வட்டமாகிவிட்டது. அதை மறுபடி பயன்படுத்தப் போவதில்லை. புதுத் தண்டும் புதுப் பின்னும் வாங்குகிறேன். உள்ளே மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவி, குழாயின் வாய்க்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள், தங்கை, அவருடையதைப் போலவே ஒரு கட்டை இப்போது என் பெட்டியிலும் இருக்கிறது.