ஆர்மிடேலில் படிக்கும் மகளும் பழுப்புப் பாம்பும்: அங்கே இருந்தவர்கள் பதில் சொல்லுங்கள்

கோப்பாய் அம்மா எழுதியது:

வணக்கம். என் மூத்த மகள் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஆர்மிடேலில் படிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே புல் மேயும் கங்காருக்களைப் படம் எடுத்து அனுப்புவாள். நானும் அயலவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்வேன்.

போன கிழமை வந்த செய்திகள்தான் தூக்கத்தைக் கெடுத்துவிட்டன. சைக்கிளில் வகுப்புக்குப் போனவளைக் கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை பின்னாலிருந்து பாய்ந்து காதருகே கொத்தியிருக்கிறது. இரத்தம் வந்ததாம். அடுத்த நாள் நடைபாதையில் நீளமான பழுப்புப் பாம்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டு கிடந்ததாம். அதற்கும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்!

அவளுடைய விடுதியில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில், பாம்பு கடித்தால் காலையோ கையையோ முழுவதும் பண்டேஜால் இறுக்கிச் சுற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. இங்கே யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கட்டவே கூடாது என்றுதான் சொல்லித் தந்தார்கள். நான் பிள்ளைக்கு எதைச் சொல்வது?

உரும்பிராய்த் தோட்டக்காரன் பதில்:

அக்கா, நான் அதே ஊரில் விவசாயம் படித்துவிட்டு வந்து இப்போது உரும்பிராயில் வெங்காயமும் மிளகாயும் செய்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிள்ளை தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டு விலகிப் போயிருந்தால் அவள் செய்தது முழுக்கச் சரி. அங்கே பலர் கடிபடுவது பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போகும்போதுதான். நாட்டுப் பாம்புகள் அங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வீட்டுக்குள் வந்துவிட்டால் அனுமதி பெற்ற பாம்புபிடிகாரரை அழைப்பார்கள். நம் ஊரில் தடியோடு நாலு பேர் ஓடி வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரு பெரிய பாடம்.

ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிழக்குப் பழுப்புப் பாம்பே காரணம். இருந்தும் நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக 2 பேரளவில்தான் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். இலங்கையில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஆண்டில் ஏறத்தாழ 80,000 கடிகளும் 400-க்கு மேற்பட்ட இறப்புகளும் என்று கணக்கிட்டது. அக்கா, உங்களுடைய தோட்டத்தில் மாலை நேரம் வெறுங்காலோடு தண்ணீர் பாய்ச்சுகிறவர்களை நினைத்து நீங்கள் இன்னும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, என் சொந்தக்காரர் ஒருவரைக் கண்ணாடிப் புடையன் கடித்ததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பறவைக்கு வருகிறேன். அது மக்பை. ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை கூடு கட்டும் காலத்தில் ஆண் பறவை தன் கூட்டைக் காக்கப் பாயும். எல்லாம் பாய்வதில்லை, பத்தில் ஒன்றுக்கும் குறைவான ஆண்களே இப்படிச் செய்கின்றன. நம் ஊர்க் கரிக்குருவி தன் கூட்டுக்குக் கிட்ட வரும் காகத்தை விரட்டிக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். மக்பை மனித முகங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே அதற்குக் கல் எறியக் கூடாது, அடுத்த ஆண்டும் பிள்ளையைத் தேடி வரும். குஞ்சுகள் பறக்கும்வரை சில வாரங்களுக்கு வேறு பாதையால் போகச் சொல்லுங்கள். வேறு பாதை இல்லையென்றால் அந்த மரத்துக்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றாமல், உருட்டிக்கொண்டு நடக்கட்டும். கண்ணாடியும் போட்டுக்கொள்வது நல்லது. கண்ணில் கொத்துப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதே பறவை விடியற்காலையில் பாடுவதைக் கேட்டால் அக்கா, இதுவா கொத்தியது என்று நம்பவே மாட்டீர்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது எகிட்னா. உடம்பெல்லாம் முள், எறும்பு தின்னும், முட்டையிட்டுக் குஞ்சுக்குப் பாலூட்டும். ஒரு மாலை வேலியோரம் கண்டேன். நான் அசையாமல் நின்றேன், அது அப்படியே மண்ணைத் தோண்டி உடலைப் புதைத்து முதுகு முள்ளை மட்டும் வெளியே விட்டது. இருட்டும்வரை அங்கேயே நின்றேன். உங்கள் மகளுக்கும் ஒரு நாள் அது வாய்க்க வேண்டும்.

வார்டில் வேலை செய்பவள் பதில்:

கட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன் அம்மா. யாழ்ப்பாணத்தில் தாதியாக இருக்கிறேன். இரண்டு அறிவுரையும் அந்தந்த நாட்டில் சரியானவை.

பழுப்புப் பாம்பின் கடி பெரிதாக வீங்குவதோ சதையை அழுகச் செய்வதோ இல்லை, சில நேரம் வலியும் இருக்காது. விஷம் நிணநீர் வழியாகவே உடலுக்குள் பரவுகிறது. அகலமான பண்டேஜால் கடித்த இடத்தின் மேல் சுற்றி, பிறகு விரல்களிலிருந்து மேல்நோக்கி அந்த அவயவம் முழுவதையும் சுற்றி, தடி வைத்து அசையாமல் கட்டினால் பரவுவது தாமதமாகும். நடக்கக் கூடாது, கடிவாயைக் கழுவக் கூடாது, அங்குள்ள அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்து இருந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும். வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. அங்கே விற்கும் சில பண்டேஜ்களில் நீள்சதுரங்கள் அச்சிட்டிருக்கும். சரியான அளவுக்கு இழுத்தால் அவை சதுரமாகும். ஒன்று வாங்கிப் பையில் வைத்திருக்கட்டும்.

இங்கே கடிப்பது பெரும்பாலும் புடையன் வகைகளும் நாகமும். அவற்றின் விஷம் கடித்த இடத்துச் சதையையே கெடுக்கும். இறுக்கிக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கிக் காலைப் பழுதாக்கும். கடித்த பாம்பு எதுவென்று பெரும்பாலும் நிச்சயமாகத் தெரியாது, ஆகவே இறுக்கிக் கட்டாமல், மோதிரம் காப்புகளைக் கழற்றி, அசைக்காமல், 1990 அம்புலன்ஸையோ கிடைத்த வாகனத்தையோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எந்த நாட்டிலும் கூடாது. விஷக்கல் வைத்துவிட்டு நேரம் கடந்து வருகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன், மனது வேகிறது.

கோப்பாய் அம்மா:

தோட்டக்காரத் தம்பிக்கும் தாதி மகளுக்கும் மிக்க நன்றி. பண்டேஜ் வாங்கச் சொல்லி இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன். இன்னொரு பயமும் இருக்கிறது. என் மூத்தவள் சிறு வயதில் விழுந்த அணில் குஞ்சுகளைப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்தவள். அங்கேயும் எதையாவது தூக்கிவிடுவாள்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:

தூக்குகிற மனம் இருப்பது நல்லது அக்கா, அதை மாற்ற வேண்டாம். ஆனால் வௌவாலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. விசர்நாய்க் கிருமிக்கு நெருங்கிய லிசாவைரஸ் அங்குள்ள வௌவால்களில் 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது, மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். தவறிக் கீறுப்பட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசியைத்தான் அதற்கும் போடுவார்கள்.

பசுப்பால் கங்காருக் குட்டிக்கு ஆகாது, வயிற்றோட்டத்தில் செத்துப்போகும். வளர்ந்த கங்காருவுக்குப் பாணும் போடக் கூடாது. பெரிய ஆண் கங்காரு நிமிர்ந்து நின்றால் முதுகு காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும், அதன் பின்கால் உதை சாதாரணமானதல்ல. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் தாய்க் கங்காருவின் பையில் சில நேரம் குட்டி உயிரோடு இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் 'வயர்ஸ்' என்ற காட்டுயிர் மீட்பு அமைப்பை அழைக்கட்டும். அவர்கள் தொண்டர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். அணில் வளர்த்த பிள்ளைக்கு அது பொருத்தமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.