‘செக்மென்ட்’ என்பதற்கு ‘நிலையுரு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய கையடக்க மின்னணு ஆட்டக் கருவிகளின் பாணியில் சிற்றாட்டங்களை வடிவமைப்போருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘செக்மென்ட்’ (திரையில் ஓரிடத்திலேயே தோன்றி மறையும் உருவம்) என்பதற்கு நேரே ‘ஒளிர்துண்டு’ என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அச்சொல்லின் இரு பகுதிகளுமே இவ்விடத்தில் பொருந்தவில்லை என்று கருதுகிறேன். அதற்குப் பதிலாக ‘நிலையுரு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். சொல் ஒன்றுதான் என்றாலும், இவ்வகை ஆட்டங்களின் வடிவமைப்பு முழுவதும் அந்தப் பொருளைச் சுற்றியே அமைவதால், சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 1980இல் நின்டெண்டோ நிறுவனத்துக்காகக் குன்பெய் யொகோய் உருவாக்கிய ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசைக் கருவிகளின் திரையில் படப்புள்ளிகளே கிடையாது. ஆட்டத்தில் எந்தெந்த உருவம் எந்தெந்த இடத்தில் தோன்ற வேண்டுமோ, அந்த ஒவ்வொன்றுக்கும் அதே வடிவில் வெட்டிய ஒளிபுகும் மின்முனை ஒன்று கண்ணாடியில் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அந்த உருவம் தெரியும், நிறுத்தினால் மறையும், வேறெதுவும் அதனால் இயலாது. அவ்வரிசையின் முதல் ஆட்டமான ‘பால்’ என்பதில் பந்து வளைந்து பறப்பதாக நாம் காண்பது, வளைவின் மேல் வரிசையாகப் பதிக்கப்பட்ட பல பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைவதைத்தான். இத்தகைய கருவிகள் பலவற்றில் மின்கலத்தை மாற்றியதும் எல்லா உருவங்களும் ஒரு கணம் சேர்ந்தே தெரியும். அத்தனை பந்துகளும், கைகளின் அத்தனை நிலைகளும், எண்களின் இடத்தில் வரிசையாக எட்டுகளும் ஒரே நேரத்தில் கண்ணாடியில் நிற்கும் அந்தக் காட்சியைப் பார்த்தவருக்கு இந்தப் பொருள் வேறு விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

இனி ‘துண்டு’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘செக்மென்ட்’ என்ற பெயர் கணிப்பான்களின் எண் திரைக்கு மிகவும் இயல்பாகப் பொருந்துகிறது. அங்கே ஏழு சிறு கோடுகள் சேர்ந்துதான் ஓர் எண் ஆகிறது என்பதால், ஒவ்வொரு கோடும் உண்மையிலேயே ஒரு துண்டுதான். ஆனால் ஆட்டத் திரையில் ஒரு முழுப் பந்தோ, சில வேளைகளில் ஒரு முழு மனிதரோ தனியொரு செக்மென்ட்டாக இருக்கிறார்கள். அவர்களைத் துண்டு என்றால், எதனுடைய துண்டு என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்தால் இந்தச் சிக்கலும் கூடவே வரும். பொருளைப் பார்த்துப் பெயரிட்டால் வராது.

‘ஒளிர்’ என்பது அதைவிடப் பெரிய பிழை. இக்கருவிகளின் நீர்மப்படிகத் திரை (எல்.சி.டி.) தானாக ஒளிர்வதில்லை. படிகத்தின் இருபுறமும் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தகடுகள் இருக்கும். மின்னழுத்தம் இல்லாதபோது, முதல் தகட்டைக் கடந்த ஒளியின் அதிர்வுத் தளத்தைப் படிகம் திருப்பிவிடுவதால், அது இரண்டாவது தகட்டையும் கடந்து செல்கிறது. மின்னழுத்தம் கொடுத்ததும் அந்தத் திருப்பம் குலைந்து ஒளி தடைபடுகிறது. ஆகவே உருவம் கருமையாகத் தெரிகிறது. எனவே ‘இருள்துண்டு’ எனலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதுவும் ஒரு பக்கச் சொல்லே. அதே காலத்தில் வந்த வெற்றிட ஒளிர்குழாய்த் திரைகளிலும் முன்கூட்டியே வடிவமைத்த உருவங்களே இருந்தன; அவை உண்மையாகவே ஒளிர்ந்தன. வடிவமைப்பாளருக்கு இரண்டும் ஒரே இயல்புடையவை என்பதால், ஒளியையும் இருளையும் சாராத சொல்லே நமக்கு வேண்டும்.

அந்த இயல்பு என்ன என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒழுகும் கூரையின் கீழே ஒருவர் வாளியுடன் ஓடி ஓடித் துளிகளைப் பிடிப்பதாக ஓர் ஆட்டத்தை வரைந்தேன். நான்கு ஒழுகல்கள், ஒவ்வொன்றுக்கும் துளி விழும் ஐந்து இடங்கள், வாளியுடன் ஆள் நிற்பதற்கு நான்கு இடங்கள், தவறுகளுக்கு மூன்று குறிகள், மூன்று இலக்க மதிப்பெண்ணுக்கு 21 கோடுகள் என மொத்தம் 48 உருவங்கள். முதல் வரைவில் ஐந்தாவது துளியை வாளியின் வாய்க்குள் பாதி இறங்கியதாக வரைந்திருந்தேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. ஆனால் ஒரே இடத்தை இரண்டு மின்முனைகள் பங்கிட முடியாது என்னும் விதியை மதிக்க வேண்டுமென்றால், அந்தப் படம் செல்லாது. துளியை மேலே தூக்கி, வாளியின் விளிம்பைக் கீழே இறக்கி, இடையில் ஒரு மயிரிழை இடைவெளி விட்ட பிறகுதான் அந்தப் பழைய கருவிகளின் தோற்றம் என் திரையில் வந்தது. இன்றைய கணினியில் இந்த விதியை எவரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆயினும் இதை மீறிய ஆட்டம் எதுவும் அந்தப் பாணியில் அமைந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

ஆகவே, இடம் மாறாமையும் வடிவம் மாறாமையும் தான் இதன் உயிர். ‘நிலையுரு’ என்பது அதைச் சொல்கிறது. மேலும், ‘நிலை’ என்பதற்கு இருப்புநிலை என்ற பொருளும் உண்டு. ஒவ்வொரு நிலையுருவுக்கும் தோற்றம், மறைவு என்னும் இரண்டே நிலைகள் இருப்பதால் நிரலில் அதற்கு ஒரு பிட் போதும். மேற்சொன்ன என் ஆட்டத்தின் திரை முழுவதும் ஆறு பைட்டுகளில் அடங்கிவிடுகிறது.

இச்சொல்லுக்கு இணையாக, ‘ஸ்பிரைட்’ (திரையில் இடம் மாற்றி நகர்த்தக்கூடிய உருவம்) என்பதை ‘நகருரு’ எனலாம். 1989இல் வந்த ‘கேம் பாய்’ கருவியின் 160×144 படப்புள்ளித் திரையில் ஓர் உருவத்தின் ஆயத்தொலைவுகளை மாற்றினால் அது நகர்கிறது. நகருரு இடம் மாறும், நிலையுரு இடம் மாறாது என்ற வேறுபாட்டைக் கற்பிப்பதற்கு இந்த இணை பெரிதும் உதவும்.

‘நிலையுரு’ என்றால் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும் படம் என்று கொள்ளமாட்டார்களா என்ற ஐயம் எழலாம். நிலைக்கண்ணாடி என்னும்போது ‘நிலை’ என்பது ஓரிடத்தில் நிற்பதைத்தான் குறிக்கிறது, இங்கும் அவ்வாறே. திரைக்குப் பின்னால் அச்சிடப்பட்ட மாறாத காட்சியைப் ‘பின்னணி’ என்றே வழங்கிவருவதால் குழப்பத்துக்கு இடமில்லை. எண்களின் கோடுகளை மட்டும் ‘துண்டு’ என்று தொடர்ந்து சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திரை முழுவதையும் கணக்கிடும்போது அவையும் நிலையுருக்களே. அணைந்திருக்கும் உருவங்கள் சாய்த்துப் பார்க்கையில் மங்கலாகத் தெரிவதற்குத் தனிச்சொல் தேவையில்லை, ‘மங்கல்’ போதும்.

பட்டியலில் சேர்ப்பதற்கான விளக்கமாக இதை எழுதியிருக்கிறேன்: “நிலையுரு: திரையில் வடிவமும் இடமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டு, தோன்றவும் மறையவும் மட்டுமே இயலும் உருவம்.” கூட்டுச்சொற்களில் ‘நிலையுரு வரைபடம்’ சிக்கலற்றது. ‘நிலையுருத் திரை’ என்பதைச் சேர்த்து எழுதினால் ‘உருத்திர’ என்று கண் பிரித்துப் படித்துவிடுவதால், இடைவெளி விட்டே எழுத வேண்டும் என்பது என் விருப்பம். இதைக் குறித்துப் புணர்ச்சி விதிகளை நன்கறிந்தவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.